புவனா டீச்சர் பின்னாலிருந்து வாசித்த கதை

பரீதா டீச்சர் காலை வேளையில் என்னைத் தொலைபேசியில் அழைப்பதில்லை. முழங்காலுக்கு எண்ணெய் தடவி, வெயில் ஏறிய பிறகுதான் அவருக்குப் பேச்சு வரும். ஆகவே போன செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்குத் தெஹிவளையிலிருந்து அவருடைய அழைப்பு வந்தபோதே எனக்கு மனம் சரியில்லை.

"சரோ டீச்சர், தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஓம். என்ன விஷயம்?"

"இரிந்துகொண்டு கேளுங்க. நம்மட புவனா போயிட்டா. கொட்டாஞ்சேனையில, தம்பிட வூட்டுல. விடியக்காலையில, தூக்கத்துலயே போயீக்கிறா."

நான் ஏற்கெனவே கதிரையில்தான் இருந்தேன். ஆனாலும் அவர் சொன்னதற்காக எழுந்து மறுபடி இருந்தேன்.

எங்கள் பாடசாலையில் புவனேஸ்வரி டீச்சரிடம் கணிதம் படித்தவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறீர்கள். உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல முடியும்? விடை சரியாக இருந்தும் இடைப்பட்ட ஒரு படியை எழுதாவிட்டால் அரைப் புள்ளி வெட்டுவார். நகரில் எங்கோ குண்டு வெடித்து ஜன்னல்கள் அதிர்ந்த ஒரு நாள், "எல்லாரும் சுவர்ப் பக்கமா வாங்கோ" என்று மேசைகளை நகர்த்திவிட்டு, அதே முக்கோணத்தை அதே இடத்திலிருந்து தொடர்ந்தார். நீங்கள் அவருக்கு 'சீமெந்து டீச்சர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தீர்கள். அது அவருக்கும் தெரியும். "சீமெந்து நல்ல சாமான்தானே, வீடு நிக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

நான் எழுத வந்தது அந்தச் சீமெந்து டீச்சர் அழுததைப் பற்றி. அவர் அழுததை உங்களில் ஒருவரும் கண்டிருக்க மாட்டீர்கள். அதைக் கண்டவள் நான். அவருக்கு நான் செய்த ஒரு பிழையும் அதில்தான் இருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

சண்டை நடந்த காலம். நானும் அவரும் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடியில், அடுத்தடுத்த அறைகளில் வாடகைக்கு இருந்தோம். எனக்குத் தமிழ்ப் பாடம், அவருக்குக் கணிதம். வயதில் ஆறு மாதம் நான் மூத்தவள். அவருடைய தம்பி கொட்டாஞ்சேனையில் இருந்தார். ஜப்பானிலிருந்து பாவித்த வான்களை இறக்கி விற்கும் ஒரு கம்பனியில் அவருக்கு வேலை. அந்த வான்களைக் கழுவும்போது பழைய சொந்தக்காரர் மறந்துவிட்ட பொருள்கள் அகப்படும். கறுப்புக் கண்ணாடி, பொம்மை, பாட்டுக் கசெற் என்று ஏதாவது. ஒரு தடவை பின் இருக்கைக்குக் கீழே ஒரு மட்டைப்பெட்டியில் நான்கு புத்தகங்கள் இருந்தன. முழுக்கப் படங்கள். படங்களுக்குள் ஜப்பான் எழுத்து. பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

பிள்ளைகளுக்குக் காட்டும் புத்தகங்கள் அல்ல அவை என்பதை புவனா டீச்சர் அன்று மாலையே கண்டுகொண்டார்.

"சரோ, இங்க வாரும்" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். விரித்திருந்த படத்தில், ஜன்னலோரத்தில் ஒரு கதிரை. அதில் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன். நீளத் தலைமுடியோடு இன்னொருவர் அவனுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் பிடித்த கையை அவன் இலேசாகத் தொட்டுக்கொண்டிருந்தான்.

"பெண் வடிவாயிருக்கிறா" என்றேன்.

"பெண்ணில்லை. இஞ்ச பாரும், முகச்சவரம் செய்யிற படம்."

"அப்ப ரெண்டு பேரும் ஆம்பிளையளோ?"

"ஓம்."

"கதவைச் சாத்தும்."

"ஏன்? அவங்கள் சத்தம் போடேல்லையே."

இதற்கு மங்கா என்று பெயர் என்பதோ, ஆண்கள் இருவரின் காதலைச் சொல்ல இப்படி ஒரு தனிவகையே உண்டு என்பதோ எங்களுக்கு அப்போது தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது அந்த நான்கு புத்தகங்கள் மட்டும்தான்.

அவர் அவற்றைப் படித்த முறையை விளக்க வேண்டும். தமிழ்ப் புத்தகத்தைத் திறப்பதுபோலத்தான் திறந்தார். முதலில் கைக்கு வந்தது அட்டையில் நான்கு என்று இலக்கமிட்ட புத்தகம். சில பக்கங்களின் ஓரத்தில் மட்டும் இலக்கம் இருந்தது. அந்த இலக்கங்கள் புரட்டப் புரட்ட இறங்கிக்கொண்டு போயின. நூற்றெண்பது, நூற்றெழுபது என்று. நான் என்றால் குழம்பியிருப்பேன். கணக்கு டீச்சர் குழம்பவில்லை. "எவ்வளவு புத்திசாலிகள் பாரும். எத்தினை பக்கம் முடிஞ்சுது எண்டு சொல்லுறதால என்ன பிரயோசனம்? எத்தினை பக்கம் மிச்சம் எண்டு சொல்லுறாங்கள்" என்று ஜப்பான்காரரைப் பாராட்டினார். அந்த முறைப்படியே நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று வாசித்து முடித்தார்.

அப்படி வாசித்தபோது கதை இதுதான். இருவர் ஒரு சின்ன வீட்டில் ஒன்றாக வாழ்கிறார்கள். முடி வெட்டிவிடுகிறார்கள், ஒரே கிண்ணத்தில் சாப்பிடுகிறார்கள். பிறகு வெவ்வேறு வீடுகளுக்குப் போய்விடுகிறார்கள். மழையில் ஒருவன் மற்றவனுக்காகக் காத்து நிற்கிறான். பிறகு தொடுவதில்லை. பிறகு பேசுவதில்லை. தூரத்திலிருந்து பார்க்க மட்டும் செய்கிறார்கள். கடைசிப் படத்தில் ஒரு ரயில் நிலையம். கண்ணாடிக்காரன் பேப்பர் வாசிக்கிறான். நீளமுடிக்காரன் தண்டவாளத்தைப் பார்க்கிறான். ஒருவரை ஒருவர் யாரென்றே தெரியாத முகங்கள்.

அந்தப் படத்தில்தான் அவர் அழுவார். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, இரண்டு வருடங்கள்.

அந்த இரண்டு வருடங்களுக்குள் அவருடைய தாயார் வடக்கில் இடம்பெயர்ந்த இடத்தில் காலமானார். பாதையெல்லாம் மூடியிருந்ததால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகே கடிதம் வந்து சேர்ந்தது. ஆசிரியர் அறையில் என் பக்கத்தில் நின்று வாசித்தார். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். மணி அடித்தது. வெண்கட்டியை எடுத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டார். நாங்கள் எல்லோரும் அவர் அழுவார் என்று காத்திருந்தோம். ஒரு கிழமை போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ரயில் நிலையப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்த தாய்க்கு அழாத நீர், ஆரோ ரெண்டு ஜப்பான்காரருக்கு அழுறீரே" என்றேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, வகுப்பில் விளக்கம் சொல்லும் அதே குரலில் சொன்னார்: "அம்மாவுக்கு அழத் தொடங்கினால் எங்க நிப்பாட்டிறது, சரோ? இது நாலு புத்தகத்தில முடிஞ்சிடும்."

வேறொரு நாள் நானே கேட்டேன், ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதைகள் எவ்வளவோ இருக்க, ஏன் இது மட்டும் இப்படி மனத்தைப் பிடித்துக்கொண்டது என்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார். "அதில பெண் ஒருத்தி இருந்தால் நான் அவவாப் போயிடுவன். பிறகு சாதகம் பொருந்துமோ, சீதனம் எவ்வளவு, மாமியார் என்ன சொல்லுவா எண்டு யோசிக்காமல் எனக்கு இருக்கேலாது. இதில எனக்கு ஒரு இடமும் இல்லை. அதால நிம்மதியாப் பார்க்கிறன். அன்பை மட்டும் பார்க்கிறன்." பிறகு, "பொருத்தம் பார்க்க ஒரு சாத்திரியும் வரமாட்டான்" என்று சிரித்தார். அவருக்கு மூன்று சம்பந்தங்கள் பேசி, மூன்றும் சாதகத்தில் தட்டுப்பட்டு நின்றது எனக்குத் தெரியும். ஆனால் அவர் சிரித்ததில் கசப்பு இருக்கவில்லை.

எழுத்துப் புரியாததால் வசனங்களை அவரே எழுதத் தொடங்கினார். ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்கினார். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் இலக்கம், அதற்கு நேரே இருவரும் என்ன பேசுகிறார்கள் என்பது. நீலக் குமிழ்முனைப் பேனையால், கணக்குக் கொப்பிபோல ஓரத்தில் கோடு போட்டு எழுதுவார். பிறகு என்னிடம் நீட்டுவார். "நீர் தமிழ் டீச்சர். பிழை இருந்தால் திருத்தும்."

நான் எப்போதும் சிவப்பு மை நிரப்பிய பேனையால் திருத்துகிறவள். முதலில் எழுத்துப் பிழைகளைத்தான் திருத்தினேன். பிறகு வசனம் நீண்டால் வெட்டினேன். பிறகு என்னை அறியாமல் வேறொன்று நடந்தது. மழையில் காத்து நிற்கும் படத்துக்கு அவர் "நனைந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார். நான் அதற்குக் கீழே சிவப்பு மையில், "குடை கொண்டு வந்தனான். விரிக்க மனம் வரேல்லை" என்று எழுதிவிட்டேன்.

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். "இது திருத்தம் இல்லையே, சரோ" என்றார்.

"அழிச்சு விடட்டே?"

"சும்மா இரும். நல்லா இருக்கு."

அதன் பிறகு கொப்பியில் நீலமும் சிவப்பும் கலந்தே போயின. கண்ணாடிக்காரன் பேசினால் பெரும்பாலும் அவர் எழுதுவார். நீளமுடிக்காரனின் மறுமொழி என்னுடையதாக இருக்கும். பகலில் வகுப்பில் இலக்கணம் கற்பித்துக்கொண்டிருக்கும்போதே மாலையில் எழுத வேண்டிய மறுமொழி என் தலைக்குள் ஓடும். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

இனி பரீதா டீச்சர் வருகிறார். எங்கள் பாடசாலையில் சித்திரம் கற்பித்தவர் அவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் ஓய்வுப் பாடத்தில், மண்ணிற உறை போட்டிருந்த அந்தப் புத்தகத்தை புவனா டீச்சரின் மேசையில் கண்டு கையில் எடுத்தார். எடுத்தவர் நாங்கள் திறக்கும் பக்கத்தால் திறக்கவில்லை.

"பரீதா, அது கடைசிப் பக்கம்" என்றார் புவனா டீச்சர்.

"கடைசியா? இதுதானே டீச்சர் மொதல். படம் எல்லாம் வலது பக்கத்துல ஈந்து இடது பக்கத்துக்குப் போகுது, பாருங்க. நாங்க ஓதுற அரபுக் கிதாபு மாதிரி."

"அப்ப இலக்கம் ஏன் இறங்கிக்கொண்டு போகுது?"

"அது எறங்கல்ல, ஏறுது. நீங்கதான் எறங்கி வந்தீக்கிறீங்க."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். புவனா டீச்சர் சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கி, பரீதா திறந்த பக்கத்தால் நாலைந்து தாள்கள் புரட்டினார். மூடிக் கைப்பையில் வைத்தார். அன்று பத்தாம் வகுப்பில் அவர் கரும்பலகையில் ஒரு கூட்டலைப் பிழையாகப் போட்டாராம். "மிஸ், பிழை" என்று ஒரு பிள்ளை சொல்ல வேண்டியிருந்ததாம். உங்களில் ஒருத்திதான் அது. நினைவிருக்கும்.

அன்று மாலை நான்கு புத்தகங்களையும் ஒன்றிலிருந்து நான்குக்கு வாசித்தார். ரயில் நிலையத்தில் யாரென்று தெரியாத இருவர். பிறகு பார்க்கிறார்கள். பிறகு பேசுகிறார்கள். மழையில் ஒருவன் காத்து நிற்கிறான், மற்றவன் வருகிறான். கடைசியில் ஜன்னலோரத்துக் கதிரை, கத்தரிக்கோல், தொட்ட கை.

"நல்லதுதானே, சேர்ந்திட்டாங்கள்" என்றேன்.

அவர் நான்காம் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். பிறகு சொன்னது இது. "பிரியிறாங்கள் எண்டதும் நான் உடன நம்பிட்டன், சரோ. ஒரு கேள்வியும் கேக்கேல்லை. சேருறாங்கள் எண்டால் நம்பேலாமல் கிடக்கு. படங்கள் அதே படங்கள்தான்."

அடுத்த நாள் அதே கொப்பியைத் தலைகீழாகத் திருப்பி, பின்புறத்திலிருந்து புதிதாக எழுதத் தொடங்கினார். இந்த முறை வேகமாக ஓடவில்லை. கோபத்துக்கும் ஏக்கத்துக்கும் அவரிடம் வசனம் இருந்தது. சந்தோஷத்துக்கு இருக்கவில்லை. கடைசிப் பத்துப் படங்களில் வந்து நின்றுவிட்டார். "நீர் எழுதும்" என்று என்னிடம் நீட்டினார். எனக்கும் வரவில்லை. "விடும், வரேக்க வரும்" என்றேன். மாதக்கணக்காக அந்தப் பத்து இலக்கங்களுக்கு நேரே வெறும் கோடுகள் இருந்தன.

அப்போது கொட்டாஞ்சேனையில் தம்பிக்கு அம்மாள் வருத்தம் வந்தது. புவனா டீச்சர் லீவு போட்டுப் பத்து நாள் அங்கே நின்று வேப்பிலை வைத்துப் பார்த்தார். போகும்போது, "புத்தகங்களையும் கொப்பியையும் உம்மட அறையில வையும், என்ர ஜன்னலால மழை அடிக்குது" என்று தந்துவிட்டுப் போனார்.

அந்தப் பத்து நாளுக்குள் எங்கள் பகுதியில் சுற்றிவளைப்பு நடக்கப்போகிறது, பொலிஸ் வீடு வீடாகச் சோதிக்கும் என்று கதை வந்தது. அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்த தமிழர்களுக்கு அது புதிதல்ல. அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் படுப்போம். ஆனால் இந்தத் தடவை என்னிடம் அந்தக் கொப்பி இருந்தது. பொலிஸ்காரரின் கண்ணால் அதைத் திறந்து பார்த்தேன். "பதினாலு: ஸ்டேஷனில் நில். என்னைத் தெரிந்ததாகக் காட்டாதே." "பதினைந்து: நான் முன் பெட்டியில் ஏறுகிறேன். நீ பின் பெட்டியில் வா." இலக்கம் போட்டுத் தமிழில் எழுதிய இப்படி ஒரு கொப்பியை யார் காதல் கதை என்று நம்புவார்?

பாடசாலையில் பரீதா டீச்சருக்குச் சொன்னேன். அவர் உடனே, "எனக்கிட்டத் தாங்க. தெஹிவளையில என்ட அலுமாரிக்குள்ள வெச்சிக்கிறேன். நாளைக்கே கொண்டு வாங்க" என்றார். நான் "பார்ப்பம்" என்றேன். அடுத்த நாள் கொண்டுபோகவில்லை. அதற்கு அடுத்த நாளும் கொண்டுபோகவில்லை.

ஏன் என்று இத்தனை வருடங்களாக எனக்கு நானே சொல்லிவந்த காரணம், பையைச் சோதனைச் சாவடியில் திறப்பார்கள் என்பது. உண்மைக் காரணம் வேறு. பரீதாவுக்கு புவனாவின் புத்தகங்களைத் தெரியும், கொப்பிக்குள் இருப்பது தெரியாது. அதைக் கொடுத்தால் அவர் திறப்பார். திறந்தால் என்னுடைய சிவப்பு எழுத்தைக் காண்பார். ஐந்து வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தவருக்கு அது யாருடைய கையெழுத்து என்று ஒரு வரியில் தெரிந்துவிடும். இரண்டு ஆண்களின் காதலுக்கு மறுமொழி எழுதிக்கொண்டிருந்தவள் இந்தத் தமிழ் டீச்சர் என்று யாரும் அறியக் கூடாது என்பதுதான் என் பயம்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிபோல ஒழுங்கை முகப்பில் ட்ரக் வந்து நின்றது. நான் கொப்பியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனேன். தாள் தாளாகக் கிழித்து வாளித் தண்ணீருக்குள் போட்டேன். நீலம் அப்படியே இருந்தது. என்னுடைய சிவப்பு மைதான் கரைந்து தண்ணீரெல்லாம் பரவியது. கூழானதைப் பிழிந்து, மீன் கழுவிய கழிவோடு சேர்த்துக் குப்பைக் கூடைக்குள் போட்டேன். வாளியை ஊற்ற நேரமிருக்கவில்லை. கதவு தட்டினார்கள்.

வந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஓர் இளம் பெண் பொலிஸ். அடையாள அட்டையைப் பார்த்தார்கள். வேலை என்னவென்று கேட்டார்கள். அந்தப் பெண் குளியலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, மேசையிலிருந்த ஜப்பான் புத்தகத்தைப் புரட்டினார். முடி வெட்டும் படத்தை மற்றவர்களுக்குக் காட்டி, "லஸ்ஸனய் நே?" என்றார், அழகாக இருக்கிறதல்லவா என்று. புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்தார். "ஹரி, டீச்சர்", சரி டீச்சர், என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எல்லாம் பத்து நிமிடம்.

மூன்று நாள் கழித்து புவனா டீச்சர் வந்தார். மாடிப்படியில் ஏறும்போதே குரல் கேட்டது. "சரோ, கொப்பியைத் தாரும்! வந்திட்டுது! தம்பிக்கு விசிறிக்கொண்டு இருக்கேக்க வந்தது. பத்துப் படத்துக்கும் வந்திட்டுது!" அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

நான் சொன்னேன்: "பொலிஸ் வந்து சோதிச்சவங்கள், புவனா. கொப்பியை அவங்கள் கொண்டு போயிட்டாங்கள்."

யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. அவர் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "புத்தகத்தை விட்டிட்டு கொப்பியை மட்டுமோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அவர் தன் அறைக்குப் போனார்.

மறுநாள் காலை சேலை உடுத்து, பாடசாலைக் கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கையில் ஜப்பான் புத்தகம் ஒன்று.

"எங்க போறீர்?"

"பொலிசுக்கு. புத்தகத்தைக் காட்டினால் கொப்பி என்னெண்டு அவங்களுக்கு விளங்கும். நான் கணக்கு டீச்சர், என்ர கொப்பி எண்டு கேக்கப் போறன்."

"விசரே உமக்கு? போகாதேயும். தமிழ் ஆக்கள் தாங்களாப் போய் ஏறுற இடமே அது?"

"அந்தப் பத்துப் படமும் எழுதி முடிக்க வேணும், சரோ."

அந்த நேரத்தில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் படி வரைக்கும் பின்னால் போய் "போகாதேயும், போகாதேயும்" என்று மட்டும் சொன்னேன்.

காலை ஒன்பது மணிக்குப் போனவரை மாலை நான்கு மணி வரை விடவில்லை. அதிபரும் பரீதாவின் கணவரும் போய்க் கதைத்துத்தான் கூட்டி வந்தார்கள். அங்கே அவரைப் பலபேர் முன்னிலையில் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார்களாம். தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், படம் படமாகக் காட்டி, இரண்டு ஆண்கள் எப்படி அன்பானார்கள் என்று சொன்னாராம். சிரித்தார்களாம். அவர் நிறுத்தாமல் சொல்லி முடித்தாராம். இதெல்லாம் பிறகு பரீதா சொல்லி அறிந்தது. என்னிடம் அவர் சொன்னது ஒரே ஒரு வசனம்.

"அவங்கள் எடுக்கேல்லையாம்."

"பதியாமல் எடுத்திருப்பாங்கள்" என்றேன். இரண்டாவது பொய்.

பார்த்து எழுதிய விடையோடு நிற்கும் மாணவியை அவர் எப்படிப் பார்ப்பார் என்று உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "சோறு இருக்கே? காலையிலிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை" என்றார். நான் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன் பிறகு அவர் வேறு கொப்பி வாங்கவில்லை. என்னிடம் எதையும் திருத்தக் கொடுக்கவும் இல்லை. வேறு எந்த மாற்றமும் இல்லை. சில வருடங்களில் தம்பியோடு இருக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். சண்டை முடிந்தது. நாங்கள் ஓய்வு பெற்றோம். பரீதாவின் மகள் ஒரு நாள், இப்படிக் கதைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, வாசித்து அழும் பெண்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று கணினியில் காட்டினாள். புவனா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இவ்வளவு பேரோ! ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே" என்றார். பிறகு, "இவையள் எல்லாரும் சரியான பக்கத்தாலதான் வாசிச்சிருப்பினம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பத்துப் படங்களுக்கு என்ன வசனம் வந்தது என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்டால் கொப்பியின் கதை வரும் என்று கேட்கவில்லை. அந்த வசனங்கள் அவரோடு போய்விட்டன.

செத்தவீட்டில் பரீதா டீச்சர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஆட்கள் கொஞ்சம் குறைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், ஒண்டு செல்லணும். கோவிக்க வாணாம்" என்றார்.

"சொல்லுங்கோ."

"அந்தக் கொப்பி. புவனாவுக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும்."

என் கை அவருடைய கைக்குள்ளேயே இருந்தது.

"பொலிஸுல, ஒங்கட வூட்ட சோதிக்க வந்த பொம்புளப் புள்ள ஈந்தீக்கா. கொப்பி ஒண்டும் ஈக்கல்ல, அந்த வூட்டுக் குளியலறை வாளியில செவப்புத் தண்ணி ஈந்திச்சி, உடுப்புக்குச் சாயம் போடுறாங்களாக்கும் எண்டு நெனச்சேன் எண்டு செல்லீக்கா. அந்தச் செவப்பக் கேட்ட ஒடனே புவனாவுக்கு வெளங்கீட்டு."

"அப்ப ஏன் என்னட்டக் கேக்கேல்லை?" என்றேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். 'சரோ பயந்திட்டா. ஒரு நாளைக்கு அவவாச் சொல்லுவா. சொல்லுற நேரம் நான் பக்கத்தில இருக்க வேணும்' எண்டா."

கொட்டாஞ்சேனைக்குப் போன பிறகும் புவனா டீச்சர் சனிக்கிழமை தவறாமல் என்னிடம் வருவார். இரண்டு பஸ் மாறி வர வேண்டும். பிற்காலத்தில் நடக்கச் சிரமப்பட்டபோதும் வந்தார். நட்புக்காகத்தான் வருகிறார் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். தேநீர் குடித்து, ஊர்க் கதையெல்லாம் முடிந்த பிறகு, உடனே எழும்ப மாட்டார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். களைப்பு என்று நினைப்பேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டே?" என்று கேட்பேன். "வேண்டாம், அப்ப நான் போட்டு வாறன்" என்று எழும்புவார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்தச் சில நிமிடங்கள்தான். இருபது வருடத்துக்கு மேற்பட்ட சனிக்கிழமைகளில், வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் என்று, நான் பேசுவதற்காக அவர் விட்டுத் தந்தவை. அவற்றை நான் வைத்திருக்கிறேன், ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டபடியே. அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் முன்னால், பிந்திப்போய், இன்று சொல்கிறேன்.

பொலிஸ் எடுக்கவில்லை, புவனா. நான்தான் கிழித்தேன்.